தைப்பூசம் முடிஞ்சு ஃபில்டர்ல திருநீறு, பால், கைரேகை: எப்படித் துடைக்கிறது?

பட்டர்வொர்த் பையன் | புதன், இரவு 9:12

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. தைப்பூசத்துக்கு முந்தின நாள் ஜார்ஜ் டவுன்ல வெள்ளி ரதத்துக்குப் பின்னாலேயே நடந்து படம் எடுத்தேன். பினாங்குல எப்படின்னு தெரியும்ல, ரதம் வர்ற வழியெல்லாம் தேங்காயைக் குவிச்சு வச்சு உடைப்பாங்க. தேங்காய்த் தண்ணி தெறிச்சு லென்ஸ் முகத்துலேயே பட்டுச்சு. மறுநாள் தண்ணீர்மலை. பால்குடம், திருநீறு, சந்தனம், கற்பூரப் புகை, எல்லாம்.

லென்ஸ்ல இருந்தது 67 மி.மீ. மல்டி கோட்டிங் யூவி ஃபில்டர். வெயிலுக்கு அதே சைஸ் சிபிஎல், அதான் பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர், மாட்டினேன். ரெண்டுலயும் இப்போ சாம்பல் புள்ளி, காஞ்ச சொட்டு, ஓரத்துல ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகையை மைக்ரோஃபைபர் துணியால தொட்டா போகல, ஊதா பச்சைன்னு பரவுது. அதுக்கு மேல கை வைக்கல.

வீட்டுல இருக்கிறது: ரப்பர் புளோவர், ஹேண்ட் சானிடைசர், ஜன்னல் கண்ணாடி துடைக்கிற நீல ஸ்பிரே. எதை எடுக்கலாம்? அடுத்த வாரம் ஒரு கல்யாண வேலை இருக்கு.

செந்தூல் குசும்பு | புதன், இரவு 9:20

சட்டை போட்டிருக்கேல்ல லா? "ஹா"ன்னு ஒரு ஊது, சட்டை நுனியால ஒரு துடை, முடிஞ்சது. ஃபில்டர் மாட்டுறதே அதுக்குத்தானே பாஸ்.

கிள்ளான் கல்யாணக் கேமரா | புதன், இரவு 9:31

தம்பி, அவர் பேச்சைக் கேட்காதே. குசும்போட ஃபில்டரை நான் நேர்ல பார்த்திருக்கேன். விளக்குக்கு நேரா பிடிச்சா வட்டம் வட்டமா கீறல், பழைய சிடி தோத்துடும்.

ஒளிமானி | புதன், இரவு 10:05

தம்பி, முதலில் துணியைக் கீழே வை. உன் ஃபில்டரில் இருப்பது ஒரே அழுக்கு இல்லை, நாலைந்து வகை. ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்குத்தான் மசியும். எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பாட்டிலைத் திறக்காதே.

ஃபில்டரை லென்ஸிலிருந்து கழற்று. கழற்றும்போது லென்ஸ் தரையைப் பார்த்து இருக்கட்டும். திருகு வரியில் உட்கார்ந்திருக்கும் சாம்பல் முன் கண்ணாடி மேல் கொட்டினால் ஃபில்டர் போட்டதற்கே அர்த்தமில்லை. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து நன்றாகச் சாய்த்து அடி. நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வு வெளிச்சத்தில் தூசு தனித்தனியாக மின்னும். எண்ணெய்ப் படலம் நிறம் காட்டும். காய்ந்த சொட்டு ஓரம் தடித்து வளையமாக நிற்கும்.

இதில் நான் முதலில் தேடுவது திருநீற்றைத்தான். நெற்றியில் பூசும்போது மாவு போலத் தெரிந்தாலும் சாணச் சாம்பலில் சிலிக்கா நிறைய உண்டு. மாடு தின்ற புல்லிலிருந்து வருவது. கூடவே சாலைப் புழுதி. மணல் துகள் என்பது குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 5.5. அந்தத் துகளைத் துணிக்கு அடியில் வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போடு. ஃபில்டர் கீறல்களில் பெரும்பாலானவை படம் எடுக்கும்போது விழுவதில்லை, துடைக்கும்போதுதான் விழுகின்றன.

அதனால் முதல் வேலை காற்று. ஃபில்டரைத் தலைகீழாகப் பிடித்து, கீழிருந்து மேலே ரப்பர் புளோவரால் ஊது. தூசு கீழே விழ வேண்டும், ஃபில்டர் மேலேயே சுற்றிச் சுற்றி உட்காரக் கூடாது. வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும். அதற்குப் பிறகும் ஒட்டியிருக்கும் துகளை, கைபடாத மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தட்டி விடு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஈரம்.

நீல ஸ்பிரேயைப் பற்றி: ஜன்னல் கண்ணாடிக்கு அது சரி. பல வகைகளில் அமோனியா, நிறம், வாசனை எல்லாம் கலந்திருக்கும். பூச்சுள்ள ஃபில்டருக்கு எனக்கு வேண்டாம்.

பட்டர்வொர்த் பையன் | புதன், இரவு 10:18

நன்றி அண்ணே. கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அடிக்கிற காற்று டின் ஒன்னும் இருக்கு. புளோவரை விட ஃபோர்ஸா வரும். அது ஓகேவா? சானிடைசர்ல ஆல்கஹால்தானே, அதையும் சொல்லுங்க.

ஆய்வகத்து அக்கா | புதன், இரவு 10:40

இரண்டுமே வேண்டாம். காற்று டின்னைச் சாய்த்தால் உள்ளே இருக்கும் திரவமே பீச்சிக்கொண்டு வரும், பட்ட இடம் உறைந்து வெள்ளைக் கறை விழும். சானிடைசரில் கை காய்ந்து போகாமல் இருக்க கிளிசரின், கெட்டியாக்க ஜெல், சிலவற்றில் கற்றாழை வேறு. ஆல்கஹால் பறந்துவிடும், மிச்சமெல்லாம் உங்கள் ஃபில்டரிலேயே தங்கும். ஒரு கறையைத் துடைத்து இன்னொன்றைப் பூசுவானேன்?

ஒளிமானி அண்ணன் சொன்னதில் பாதிதான் வந்திருக்கிறது. எது எதில் கரையும் என்பதைச் சொல்கிறேன். தைப்பூச அழுக்குக்கு இதுதான் முக்கியம்.

ஆல்கஹால் எல்லாவற்றையும் கரைக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. தேங்காய்த் தண்ணீர் காய்ந்தால் எஞ்சுவது சர்க்கரையும் உப்பும். இரண்டும் தண்ணீரில் சட்டென்று கரையும், சுத்தமான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கிட்டத்தட்ட அசையாது. நீங்கள் ஆல்கஹால் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்த வளையம் அப்படியே இருக்கும், கோபம் வரும், இன்னும் அழுத்துவீர்கள். அதற்குத் தேவை தண்ணீர் மட்டும்தான்.

பால் அதைவிட மோசம். பாலில் புரதம் இருக்கிறது. ஆல்கஹால் பட்டால் புரதம் திரிந்து கெட்டிப்படும். பால் சொட்டின் மேல் ஆல்கஹால் ஊற்றுவது, போகிற கறையைப் பிடித்து உட்கார வைப்பது. முதலில் தண்ணீர், பிறகு ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். கொழுப்பையும் புரதத்தையும் சோப்பு தூக்கிவிடும். வெந்நீர் வேண்டாம்.

கைரேகை, தலைக்கு வைத்த எண்ணெய், சன்ஸ்கிரீன், கற்பூரக் கரியோடு சேர்ந்த பிசுக்கு, இவைதான் ஆல்கஹாலுக்கு உரியவை. அதுவும் கடைசியில்.

எந்த ஆல்கஹால் என்று அடுத்துக் கேட்பீர்கள். மருந்துக் கடையில் ஊசி போடும் முன் துடைக்கும் சின்னப் பொட்டலம் கிடைக்கும், பெரும்பாலும் 70 சதவீத ஐசோபுரோப்பைல். மீதி 30 தண்ணீர். கிருமி கொல்ல அது நல்லது. கண்ணாடிக்கு வந்தால், ஆல்கஹால் முதலில் பறக்கும், தண்ணீர் பின்தங்கிக் கோடு விடும். 99 சதவீதம் கிடைத்தால் அதை வாங்குங்கள், அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

கிள்ளான் கல்யாணக் கேமரா | புதன், இரவு 11:02

அக்கா சொன்ன சோப்புக்கு என் ஓட்டு. இவ்வளவு பெரிய சடங்கெல்லாம் வேண்டாம். யூவி ஃபில்டர்தானே? குழாயடியில காட்டு, தண்ணி ஓடும்போதே விரல் நுனியில ஒரு துளி பாத்திர சோப்பு வச்சு வட்டமா தடவு, கழுவு, உதறு. விரலை முதல்ல நல்லா கழுவிக்கோ, மோதிரம் இருந்தா கழட்டு. டேவான்ல, அதான் கல்யாண மண்டபத்துல, சாப்பாட்டு நேரத்துல எத்தனை தடவை கறி தெறிச்ச ஃபில்டரை இப்படிக் கழுவியிருப்பேன் தெரியுமா? ஓடுற தண்ணி துகளை இழுத்துட்டுப் போயிடும், எந்தத் துணியும் அந்த வேலையைச் செய்யாது.

ஒளிமானி | புதன், இரவு 11:25

கிள்ளான் தம்பி சொல்வது யூவிக்கு, அதாவது ஒற்றைக் கண்ணாடி ஃபில்டருக்குச் சரி. நானும் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் இழையைப் படிக்கிறவர்கள் சிபிஎல்லையும் குழாயடிக்குக் கொண்டு போய்விடக் கூடாது. அதனால் கொஞ்சம் விரிவாக.

சிபிஎல் என்பது ஒரு கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே துருவமாக்கும் பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டின விளிம்பு வளையத்துக்குள்ளே மறைந்திருக்கும். விளிம்பு வழியாகத் தண்ணீரோ ஆல்கஹாலோ உள்ளே ஏறினால் ஒட்டு விட்டுக் கொடுக்கும். ஓரத்திலிருந்து உள்நோக்கி மேகம் படர்வது போல ஒரு வெளுப்பு தெரியும். அது அழுக்கு இல்லை, துடைத்துப் போகாது. சுற்றும் வளையத்துக்குள் தண்ணீர் போனால் அது வேறு. லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வேரியபிள் என்டி ஃபில்டருக்கும் இதே கதை, அதற்குள்ளும் துருவமாக்கும் படலங்கள்தான்.

ஆகவே சிபிஎல்லுக்குக் குழாய் கிடையாது, ஃபில்டர் மேல் நேராக எதையும் ஊற்றுவதும் கிடையாது. துளியைத் துணியில் விடு. துணி ஈரமாக இருக்க வேண்டும், நனைந்து சொட்டக் கூடாது. நடுவிலிருந்து தொடங்கி, விளிம்புக்கு ஒரு நூல் இடைவெளி விட்டு நிறுத்து.

சதுரமான பிசின் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது கண்ணாடியே இல்லை. எளிதில் கீறும். நகப்பூச்சு நீக்கி, தின்னர், அசிட்டோன் எதுவும் அதன் பக்கமே வரக் கூடாது.

கர்னி காற்று | வியாழன், காலை 7:48

உள்ளேன் ஐயா. நான் தைப்பூசம் எடுக்கிறவன் இல்லை, கடல் எடுக்கிறவன். அக்கா சொன்ன உப்பு விஷயம் எங்களுக்கு தினப்படி. பத்து ஃபெரிங்கி பக்கம் முக்காலி வச்சு நின்னா, அலை தொடாமலேயே ஃபில்டர்ல மூட்டம் ஏறும். காத்துல வர்ற உப்பு. அது காஞ்சதும் துடைச்சா உப்புப் பளிங்கையே வச்சு அரைக்கிற மாதிரி. நாங்க சுத்திகரிச்ச தண்ணி ஒரு சின்ன ஸ்பிரே பாட்டில்ல வச்சுக்குவோம். காகிதத்தை நனைச்சு ஃபில்டர் மேல சும்மா படுக்க வச்சிருவோம். தேய்க்கிறது இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா உப்பு காகிதத்தோட வந்துரும். மூணாவது காகிதத்துலதான் துடைப்பே.

காய்ச்சி வடிச்ச தண்ணி சூப்பர் மார்க்கெட்லயே கிடைக்கும். ஒர்க் ஷாப்ல "பேட்டரி தண்ணி"ன்னு கேட்டு வாங்கினா லேபிளைப் பாருங்க. பக்கத்துலேயே ஆசிட் பாட்டிலும் அடுக்கியிருப்பாங்க.

செந்தூல் குசும்பு | வியாழன், காலை 9:15

எல்லாம் சரி. ஒரு கேள்வி, சிரிக்காம பதில் சொல்லுங்க. அந்தக் கட்டைவிரல் ரேகை படத்துல தெரியுமா? நான் ஃபில்டர்ல சாஸ் பொட்டோட ஒரு பிறந்தநாளே எடுத்திருக்கேன். யாரும் ஒன்னும் சொல்லல. தெரியாத அழுக்கைத் துடைச்சுத் துடைச்சு கீறல் வாங்குறதுக்கு, அப்படியே விட்டுடலாமே?

ஒளிமானி | வியாழன், காலை 9:52

குசும்பு இந்த இழையில் முதல்முறையாக நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்.

ஃபில்டர் மேல் இருக்கும் புள்ளி, லென்ஸுக்கு மிக அருகில், குவியத்துக்கு வெகு வெளியே இருப்பதால் படத்தில் புள்ளியாக விழாது, கரைந்துபோகும். 50 மி.மீ. லென்ஸில் துவாரத்தை எஃப் 2 வரை அகலத் திறந்து எடுத்தால் ஒரு சின்னத் துகள் எங்கே போனது என்றே தெரியாது. அகலக் கோண லென்ஸில், துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கினால் அதே துகள் மங்கிய நிழலாக எட்டிப் பார்க்கும்.

எண்ணெய் ரேகை வேறு வகை. அது புள்ளி போடாது, வெளிச்சத்தைச் சிதறடிக்கும். முகத்துக்கு நேரே விளக்கு, தீபம், சாயங்கால வெயில் இருந்தால் கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்துப்போகும். தெருவிளக்கைச் சுற்றி ஒளி இழுத்துக்கொண்டு போகும். கல்யாணத்தில் மேடை விளக்கு முழுக்க எதிரே அடிக்கும், ஆகவே நம் பையனுக்கு அது பொருட்டுத்தான்.

துகள் இரண்டு மூன்று என்றால் நான் துடைக்கவே மாட்டேன், ஊதிவிட்டு மூடி போட்டுவிடுவேன். விரல் ரேகையை விடமாட்டேன்.

கோம்பாக் புதுமுகம் | வியாழன், காலை 10:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நேற்று இரவு கேஎல்சிசி பூங்காவில் இரட்டைக் கோபுரத்தை எடுத்தேன். வானத்தில் பச்சைப் பச்சையாக ஒளிப் பொட்டுகள். ஃபில்டரை மூன்று முறை துடைத்தும் போகவில்லை. ஆல்கஹால் வாங்க வேண்டுமா?

ஒளிமானி | வியாழன், காலை 10:44

வாங்காதீர்கள், அது அழுக்கே இல்லை. படத்தின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பொட்டுக்கும் நேர் எதிர்ப்பக்கம் அதே தூரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோபுர விளக்கு ஒன்று இருக்கும். சென்சார் மேல் விழுந்த வெளிச்சம் திரும்பி வந்து, தட்டையான ஃபில்டர் கண்ணாடியில் பட்டு, மறுபடி சென்சாருக்கே போகிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள், போய்விடும். இரவில் முக்காலியில் நிற்கும்போது யூவி ஃபில்டருக்கு வேலையே இல்லை.

கோம்பாக் புதுமுகம் | வியாழன், காலை 11:20

எதிர்ப்பக்கம் அப்படியே விளக்கு இருக்கிறது! நன்றி ஐயா.

பட்டர்வொர்த் பையன் | வியாழன், மதியம் 1:05

அண்ணே, எனக்கு ஒன்னு புரியல. அப்பாவோட பழைய ஃபில்டர் ஒன்னு இருக்கு, கோட்டிங்கே இல்ல. அதுல விரல் பட்டா இவ்வளவு அசிங்கமா தெரியல. என்னோட புது ஃபில்டர் விலை அதிகம், ஆனா அதுலதான் ரேகை கலரா பளிச்சுன்னு தெரியுது. ஏன்?

ஒளிமானி | வியாழன், மதியம் 2:10

பூச்சு நன்றாக இருப்பதால்தான்.

பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு முகத்துக்கு 8. அதைக் குறைக்கத்தான் 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா மெல்லிய பூச்சு முறையைக் கொண்டுவந்தார். மக்னீசியம் ஃபுளோரைடு போன்ற ஒன்றைப் பச்சை ஒளியின் அலைநீளத்தில் கால்பங்குக் கனத்துக்குப் படியவிடுவார்கள். கணக்கு ஏறக்குறைய 100 நானோமீட்டர் வரும். பூச்சின் மேல்முகத்தில் திரும்பும் அலையும், அடிமுகத்தில் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இப்போதைய பல அடுக்குப் பூச்சு, திரும்பும் வெளிச்சத்தை அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுபோகும்.

இந்தக் கணக்கெல்லாம் பூச்சுக்கு வெளியே காற்று இருக்கிறது என்று வைத்துப் போட்டது. நீ விரல் வைத்தால் வெளியே காற்று இல்லை, எண்ணெய். எண்ணெயின் ஒளிவிலகல் கண்ணாடிக்குக் கிட்டத்தட்ட சமம். அலைகள் அழித்துக்கொள்வது அந்த இடத்தில் மட்டும் கெட்டுப்போகும். சுற்றிலும் அரை சதவீதம், ரேகை மட்டும் 4 சதவீதம், அதனால் கண்ணில் குத்துகிறது. எண்ணெய்ப் படலமே மெல்லியது என்பதால் கனத்துக்குத் தக்க நிறம் வேறு காட்டும். உன் அப்பா ஃபில்டரில் முழுசும் 4 சதவீதம், ரேகையும் 4 சதவீதம். வித்தியாசமே தெரியாது.

நீ பயந்தாயே, நிறம் பரவுவதைப் பார்த்து பூச்சு உரிந்துவிட்டதோ என்று பலரும் நினைப்பார்கள். உரியவில்லை. எண்ணெய் மெலிந்துகொண்டே போகிறது. கடைசி நிறம் போகும்வரை துணியின் புது முகத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

ஆய்வகத்து அக்கா | வியாழன், மதியம் 2:31

அழகாகச் சொன்னீர்கள் அண்ணே. என் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டப் போகிறேன்.

ஈப்போ ரோடு ரசிகை | வியாழன், மாலை 5:47

லென்ஸ் துடைக்கும் பேனா, லென்ஸ்பென், அதைப் பற்றி யாரும் பேசவில்லையே? நான் அதைத்தான் வைத்திருக்கிறேன், பையில் சின்ன இடம் போதும்.

கிள்ளான் கல்யாணக் கேமரா | வியாழன், மாலை 6:20

எனக்கும் பிடிக்கும் மா. நுனியில கரித்தூள் இருக்கும், அது எண்ணெயை உறிஞ்சிக்கும். காஞ்ச ரேகைக்கு அதை மாதிரி வேகமா எதுவும் இல்ல. ரெண்டு விஷயம் மட்டும்: ஒரு பக்கம் தூரிகை, மறுபக்கம் கரி, தூரிகை முதல்ல வரணும். கரி நுனியில ஒரு மணல் துகள் ஒட்டுச்சுன்னா அப்புறம் நீ போடுற ஒவ்வொரு வட்டமும் கீறல்தான், அந்த நுனியைக் கழுவவும் முடியாது. ஈரத்துல வைக்கவே கூடாது. நம்ம பையனோட பால், தேங்காய்த் தண்ணி கேஸுக்கு லென்ஸ்பென் ஆகாது.

ஒளிமானி | வியாழன், மாலை 6:41

ஒப்புக்கொள்கிறேன். தைப்பூசம், கும்பாபிஷேகம் மாதிரி சாம்பல் பறக்கிற இடத்துக்கு நான் அதை எடுத்துப் போவதில்லை.

துணி பற்றியும் சொல்லிவிடுகிறேன், நேற்று விட்டுப்போனது. மைக்ரோஃபைபர் துணியைச் சலவை இயந்திரத்தில் மற்ற துணிகளோடு போடாதீர்கள். வாசனைக்கு ஊற்றும் சாஃப்ட்னர் இழையெல்லாம் மெழுகுபோலப் பூசிவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் மங்கல் விடும், நீங்கள் ஃபில்டரைத் திட்டுவீர்கள். சோப்பு போட்டுக் கையால் அலசி, நிழலில் காயவைத்து, ஜிப் பையில் போடுங்கள். கேமரா பையின் அடியில் துணி கிடந்தால், அந்தப் பையின் மணலெல்லாம் அதில்தான் இருக்கும்.

மூக்கு துடைக்கும் டிஷ்யூவில் சிலவற்றுக்கு லோஷன் தடவியிருக்கும், அதுவும் வேண்டாம்.

செந்தூல் குசும்பு | வியாழன், இரவு 8:03

அப்போ "ஹா"?

ஆய்வகத்து அக்கா | வியாழன், இரவு 8:15

"ஹா"வுக்கு நான் எதிரி இல்லை. கண்ணாடியில் படிவது மூச்சிலிருந்து குளிர்ந்த நீராவி, ஏறக்குறைய தூய தண்ணீர். சிக்கல், கூடவே தெறிக்கும் எச்சில். எல்லாம் துடைத்து முடித்த பிறகு கடைசியாக ஒரு மங்கல் இருந்தால், தூரத்திலிருந்து மெல்ல விட்டு, சுத்தமான துணியால் எடுங்கள். முதல் வேலையாக "ஹா" போட்டு, திருநீற்றைச் சேறாக்கிச் சட்டையால் அரைப்பது வேறு.

பட்டர்வொர்த் பையன் | வெள்ளி, இரவு 10:37

செஞ்சு பார்த்தேன். யூவி ஃபில்டரை ஊதினப்போ திருகு வரியிலேர்ந்துதான் அதிக சாம்பல் கொட்டுச்சு, கண்ணாடி மேல கம்மி. பிறகு குழாய், ஒரு துளி சோப்பு, விரலாலே. தேங்காய்த் தண்ணி வளையம் சோப்பு வைக்கும் முன்னேயே போயிடுச்சு, பால் சொட்டு சோப்புல போச்சு. காய்ச்சி வடிச்ச தண்ணில கடைசியா ஒரு அலசு, உதறி, ஓரத்தைக் காகிதத்துல ஒத்தி எடுத்தேன். ரேகை இருந்த இடத்துல இன்னும் லேசா ஊதா. 99 சதவீதத்துல ஒரு துளி, துணியை நாலா மடிச்சு நடுவிலிருந்து சுத்தினேன். துணி முகத்தை மாத்த மாத்த ஊதா, பழுப்பாகி, அப்புறம் ஒன்னுமே இல்ல. கண்ணாடியே இல்லாத மாதிரி இருக்கு!

சிபிஎல்லை ஈரக் காகிதம் படுக்க வச்சு, அப்புறம் ஈரத் துணி. நடுவுல சுத்தம். ஆனா வளையம் கண்ணாடியைத் தொடுற மூலையில ஒரு வெள்ளைக் கோடு, பிறை மாதிரி. துணி அங்க போகல. குச்சியால நோண்டலாமா?

ஒளிமானி | வெள்ளி, இரவு 11:01

காது குடையும் குச்சியா? அதன் பஞ்சு இழை அங்கேயே மாட்டிக்கொள்ளும். துணியின் ஒரு முனையைப் பல் குத்தும் மரக்குச்சியின் மழுங்கிய பக்கத்தில் இறுக்கிச் சுற்று, துணி நுனி மட்டும் வெளியே நிற்கட்டும். அதில் தண்ணீர் பட்டும் படாமலும். வளையத்தை ஒட்டி ஒரு திசையில் இழு, முன்னும் பின்னும் தேய்க்காதே. சிபிஎல் என்பதால் அந்த மூலையில் ஆல்கஹால் தொடவே கூடாது. போகவில்லை என்றால் விட்டுவிடு. விளிம்பு ஓரம் படத்துக்குள் வருவது குறைவு, ஒட்டு பிரிந்தால் முழு ஃபில்டரும் போச்சு.

ஈப்போ ரோடு ரசிகை | சனி, காலை 8:22

என் பழைய ஃபில்டரில் நூல் நூலாகக் கிளை விட்ட மாதிரி இருக்கிறது. ஆல்கஹால் போட்டால் பாதி போகிறது, அடுத்த மாதம் திரும்ப வருகிறது.

ஒளிமானி | சனி, காலை 8:50

பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் அலமாரியில் மூடி வைத்த எந்தக் கண்ணாடிக்கும் வரும். அது கக்கும் அமிலம் பூச்சைத் தின்று தடம் போட்டுவிடும், துடைத்த பிறகும் தடம் நிற்கும். லென்ஸ் என்றால் பழுது பார்ப்பவரிடம் போகச் சொல்வேன். ஃபில்டர் என்றால் தூக்கிப் போடுங்கள், மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள். மிச்சத்தை உலர் பெட்டியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். பெட்டி வாங்க முடியாவிட்டால் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரமானி.

கர்னி காற்று | சனி, காலை 9:34

அண்ணே, சந்தடி சாக்குல எனக்கும் ஒன்னு. யூவி மேல சிபிஎல் மாட்டினது இறுகிக்கிச்சு. உப்புக் காத்து வேற. சிபிஎல்லைத் திருகினா முன் வளையம் மட்டும் சும்மா சுத்துது.

கிள்ளான் கல்யாணக் கேமரா | சனி, காலை 9:50

இறுக்கிப் பிடிக்காதே. விரலால அழுத்தினா வளையம் நீள்வட்டமாகி இன்னும் கடிக்கும். அலுமினிய வளையத்துக்கு அலுமினிய வளையம்னா இப்படித்தான், பித்தளை அவ்வளவா கடிக்காது. சிபிஎல்லோட பின் வளையத்தை மட்டும், அந்த ஒல்லி வளையத்தை, அகலமான ரப்பர் பேண்டு போட்டுச் சுத்திக்கோ. அப்புறம் உள்ளங்கையால எல்லா பக்கமும் சமமா தொட்டு மெதுவா திருப்பு. எண்ணெய் விடாதே, மறுபடி இந்த இழையை முதல்லேர்ந்து படிக்கணும்.

கர்னி காற்று | சனி, காலை 10:26

ரப்பர் பேண்டு வழுக்குது. பின் வளையம் ரொம்ப ஒல்லி.

கிள்ளான் கல்யாணக் கேமரா | சனி, காலை 10:33

அப்போ ஃபில்டர் ரெஞ்ச்தான். பிளாஸ்டிக்ல ரெண்டு வரும், ஒன்னு யூவிக்கு, ஒன்னு சிபிஎல் பின் வளையத்துக்கு. சைஸ் என்ன உன்னோடது? 77-ன்னா என்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை பிறைக்கு ஒரு நிச்சயதார்த்த வேலையா வர்றேன், எடுத்துட்டு வரவா?

கர்னி காற்று | சனி, காலை 10:35

77-தான் அண்ணே. எடுத்துட்டு வாங்க, மாமாக் கடையில தே தாரிக் என் கணக்கு.